சுவரில் ஒரு காலி இடம்

அத்தியாயம் 5

கிட்டுசாமிக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. மற்றவர்களுக்குப் பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இவனுக்கோ அப்போதுதான் அது கட்டவிழ்த்துக்கொண்டு ஓடும். அந்த வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, சான்டா கிளாராவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் காரை நிறுத்திவிட்டு, அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

“அக்கா, நான் கார்லயே இருந்துக்கறேனுங்க. யாராச்சும் வண்டிய டோ பண்ணி இழுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றது?”

“பார்க்கிங் ஃப்ரீன்னு போர்டு இருக்குது. எறங்கு.”

“பாருக்குள்ள போற மூஞ்சியாக்கா இது? சிறுவாணித் தண்ணியத் தவிர வேற தண்ணி தொடாத வம்சமுங்க எங்களுது.”

“மோர் கேட்டு வாங்கித் தர்றேன், வா,” என்று சாந்தாமணி கைப்பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சாந்தாமணிக்கு நாற்பத்தைந்து வயது. கோயமுத்தூரில் பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைத் தோண்டியெடுத்தவள். இப்போது மில்பிடாஸில் ஒரு இந்திய மளிகைக் கடையின் மாடியில், முறையாக லைசென்ஸ் வாங்கித் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். மூளை மின்னலாக வேலை செய்யும். ஃப்ரீவேயில் மட்டும் கார் ஓட்ட வராது. அதற்குத்தான் கிட்டுசாமி. அவன் எச்-1 விசாவில் வந்த ப்ரோக்ராமர். அழைத்து வந்த கம்பெனி, ப்ராஜெக்ட் கிடைக்கவில்லை என்று ஏழு வாரமாக அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தது. பெஞ்சில் இருக்கிறவன் இன்னொரு இடத்தில் வேலை பார்த்தது தெரிந்தால், பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் எதிரே போலீஸ் கார் வந்தாலே அவன் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவான்.

இன்றைய விவகாரம் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. அகிலன் என்று ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் ப்ராஜெக்ட் லீட். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். மனைவி சண்முகப்ரியா, இருபத்தாறு வயது, கல்யாணம் முடிந்து அமெரிக்கா வந்து எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பாலுக்குப் போகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. சொல்லும்போதே மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். கிட்டுசாமி ஓடிப்போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் சூட்டிலும் அகிலன் பேப்பர் கப்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டார். சுண்டுவிரல் மட்டும் தனியாக விறைத்து நின்றது. அதில் ஒரு அங்குலத்துக்கு வளர்த்துவிட்ட நகம். பத்து வருடம் அமெரிக்காவில் இருந்தும் எச்சில் பண்ணாமல் குடிக்கிறாரே, நம்ம ஊர் வளர்ப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கிட்டுசாமி உருகிப் போனான்.

அகிலன் ஒரு வட்ட அட்டையைக் கொடுத்தார். பீர் கிளாஸுக்கு அடியில் வைப்பார்களே, அந்த அட்டை. ஒரு பக்கம் கழுத்து முறுக்கிய வாத்தும் ‘க்ரூக்கட் கூஸ்’ என்ற பெயரும். மறுபக்கம் பென்சிலில் வரைந்த ஒரு பெண்ணின் முகம், கீழே ஏப்ரல் மாதத்துத் தேதி. முகம் சண்முகப்ரியாவுடையது.

“கிச்சன்ல அரிசி டப்பாவுக்குப் பின்னாடி கெடந்துது மேடம். இப்படி ஒரு எடம் இருக்கறதே எனக்குத் தெரியாது. நீங்க போய்க் கேட்டா சொல்லுவாங்க. லேடி வேற.”

சாந்தாமணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

க்ரூக்கட் கூஸுக்குள் நுழைந்ததும் கிட்டுசாமி அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். கூரை முழுக்கத் தலைகீழாகத் தொங்கும் பழைய குடைகள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நிறம் அடித்த பியானோ. மூலையில் ஒரு குளியல் தொட்டி, அதற்குள் புத்தகங்கள். பக்கத்தில் தாடிக்காரன் ஒருவன் ஆளுயரப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குக் கவிதை சொல்லிக் கொடுத்தான். பொம்மை தலையைத் திருப்பிக் கிட்டுசாமியைப் பார்த்தது. இதெல்லாம் கூடப் போகட்டும். இடது பக்கச் சுவர்தான் அவனை உலுக்கிவிட்டது. தரையிலிருந்து கூரைவரை வட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஆயிரமா, இரண்டாயிரமா, எல்லாக் கண்ணும் அவனையே பார்த்தன.

“அக்கா, இவங்கெல்லாம் உயிரோட இருக்காங்களா, இல்ல இங்க சாப்பிட்டுட்டுப் போய்ச் சேர்ந்தவங்களா?”

“வாய மூடு.”

கல்லாவுக்குப் பின்னால் நின்ற அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் டோலோரெஸ் என்று சட்டையில் குத்தியிருந்தது. மூக்கு சிவந்து, கையில் கைக்குட்டையோடு, பயங்கர ஜலதோஷத்தில் இருந்தாள். சாந்தாமணி ப்ரியாவின் போட்டோவை நீட்டினாள்.

டோலோரெஸ் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. “தெரியாது. நான் பார்த்ததே இல்லை,” என்றாள். குரல் கரகரத்தது. கையிலிருந்த கிளாஸை ஏற்கனவே துடைத்திருந்தும் மறுபடி துடைத்தாள்.

கல்லாவின் ஓரத்தில், காது கேட்கும் கருவி மாட்டிய ஒரு கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டுசாமியைப் பார்ப்பதும் ஒரு அட்டையில் கிறுக்குவதுமாக இருந்தார். அவர் பெயர் வால்ட் என்று பிறகு தெரிந்தது.

“என்னை எதுக்குங்க வரையறீங்க?” என்று கிட்டுசாமி ஆங்கிலத்தில் பதறினான். தன் முகம் எங்கேயும் பதிவாவது அவனுக்குப் பிடிக்காத காரியம்.

“முதல் தடவை வருகிறவர் முகம் சுவருக்குச் சொந்தம்,” என்றார் வால்ட். “இங்கே அதுதான் வழக்கம். ஆடாமல் நில்லுங்கள்.”

கிட்டுசாமி பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நழுவினான். பின்கட்டில் ஒரு நடை. ஒரு பக்கம் பாத்ரூம், எதிரே சுவரில் காசு போட்டுப் பேசும் போன், நடையின் முடிவில் மாடிக்குப் போகும் குறுகலான மரப்படி. அங்கே வந்ததும் அவன் கால் தானாக நின்றது.

மூக்கை உறிஞ்சினான். பீர் வாடை, பழைய மரத்தின் வாடை, அதையெல்லாம் தாண்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருகிறது பெருங்காயத் தாளிப்பு. அதோடு வேகவைத்த கொள்ளின் மணம். கொள்ளு ரசம். கோயமுத்தூர்ப் பக்கம் சளி பிடித்தால் முதல் வேலையாக அடுப்பில் ஏற்றுவது. கீழே ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள். மேலே கொள்ளு ரசம் கொதிக்கிறது. இந்த சான்டா கிளாராச் சந்தில், பாருக்கு மாடியில், கொள்ளு ரசம் வைக்க வேறு எவள் வருவாள்?

அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொண்ணு உயிரோடு இருக்கிறது. நான்கு நாளாக எந்தக் காட்டில் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாளோ என்று காலையிலிருந்து அவன் மனசுக்குள் ஓடிய படமெல்லாம் பொய். உடனே அகிலன் அழுத முகம் ஞாபகத்துக்கு வந்தது. பாவம் மனுசன், இன்னும் ஒரு நிமிஷம் அதிகமாகத் தவிப்பானேன்? போனில் காசைப் போட்டான்.

“அகிலன் சார், கிட்டுசாமி பேசறேனுங்க. பயப்படாதீங்க, கெடைச்சுட்டாங்க. அந்த எடத்துலயேதான், மாடில இருக்காங்க. இன்னும் பாக்கல, ஆனா கண்டிப்பா அவங்கதானுங்க.”

“ரொம்ப தேங்க்ஸ் கிட்டு சார்,” என்றார் அகிலன். “அவகிட்ட நான் வர்றேன்னு சொல்லாதீங்க. சர்ப்ரைஸா இருக்கட்டும். பதினஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்.”

நல்ல காரியம் செய்த திருப்தியோடு கிட்டுசாமி பாத்ரூம் பக்கமே போகாமல் திரும்பி வந்தான்.

கல்லாவில் நிலவரம் மாறியிருந்தது. சாந்தாமணி, அகிலன் கொடுத்த அட்டையை வெளியே எடுத்து வைத்திருந்தாள். வால்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு கோபத்தில் சிவந்து போயிருந்தார்.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? என் அட்டைகள் இந்தச் சுவரை விட்டுப் போவதே கிடையாது. வரைந்து கொடுக்கச் சொல்லி மேயரே கேட்டும் தரவில்லை. இதை யாரோ பிய்த்துக்கொண்டு போய்விட்டான்.”

அவர் விரல் காட்டிய இடத்தில், அத்தனை முகங்களுக்கு நடுவே, ஒரே ஒரு வட்டம் காலியாக இருந்தது. வெளுத்த சுவரும் ஒரு ஆணி ஓட்டையும்.

“பாத்தியா கிட்டு,” என்று சாந்தாமணி தமிழில் சொன்னாள். கண் மட்டும் அட்டையை விட்டு அகலவில்லை. “இந்த அட்டையோட தலைல ஒரு ஆணி ஓட்டை இருக்குது. காலைலயே பாத்தேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாடி கெடந்த அட்டைய எவனாச்சும் ஆணி அடிச்சா வெப்பான்? செவுத்துல இருந்து வந்துருக்குதுன்னு அப்பவே தோணுச்சு. எவன் எடுத்தான்னுதான் தெரியல.” வால்ட் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள். “எப்போது காணாமல் போனது?”

“போன வெள்ளிக்கிழமை. ஜூன் பதினொன்று. அன்றைக்குப் புதிதாக வந்தது ஒரே ஆள். ரொம்ப நேரம் சுவர் பக்கத்திலேயே நின்றான். அவனையும் வரைந்தேன். ஆனால் முகம் அகப்படவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் முகத்தைக் கொடுக்காமல் போனவன் அவன் ஒருவன்தான்.”

வால்ட் ஸ்டூலை விட்டு இறங்கிப் போய், காலி இடத்துக்கு இரண்டு வரிசை கீழே இருந்த ஒரு அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். “பார்க்கிற போதெல்லாம் முதுகைக் காட்டினான். குடிக்கிற நேரத்தில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் குடித்த விதத்தைப் பாருங்கள். உலகத்தில் யாராவது இப்படிக் குடித்து நீங்கள் பார்த்ததுண்டா?”

அட்டையில் முகம் இல்லை. பின்னுக்கு மடிந்த கழுத்து, குரல்வளை, தாடையின் அடிப்பாகம். மேலே தூக்கிய கை. கையிலிருந்த கிளாஸிலிருந்து அந்தரத்தில் இறங்கும் தண்ணீர்க் கோடு. தனியாக விறைத்து நிற்கும் சுண்டுவிரல். அதில் ஒரு அங்குல நகம்.

கிட்டுசாமி போன் இருந்த நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“இப்படி ஒரு எடம் இருக்கறதே தெரியாதுன்னானே,” என்றாள் சாந்தாமணி. “தெரியும். வெள்ளிக்கிழமை வந்து செவுத்துல பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துருக்கான். ஞாயித்துக்கிழமை அவ வீட்ட விட்டு ஓடிட்டா. எங்க ஓடியிருப்பான்னும் அவனுக்குத் தெரியும். தான் வந்தா இந்த அம்மா கதவு தொறக்க மாட்டாங்க. அவனுக்கு வேண்டியது அட்ரஸ் இல்ல கிட்டு. கதவத் தொறக்க வைக்கற ஆளு. அதுக்குத்தான் நம்மள அனுப்பிருக்கான்.” நிமிர்ந்து அவனைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். “ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?”

“அக்கா.”

“சொல்லு.”

“போன் பண்ணிட்டேனுங்க்கா. மாடில இருக்காங்கன்னு சொல்லிட்டேன். பதினஞ்சு நிமிஷத்துல வர்றேன்னாரு. அழுதாரேன்னு… நம்மூர்க்காரராச்சேன்னு…”

சாந்தாமணி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “அதுல எத்தன நிமிஷம் போச்சு?”

“ஆறு.”

அவள் டோலோரெஸின் பக்கம் குனிந்து நான்கே வாக்கியம் பேசினாள். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் வெளிறியது. பிறகு கொட்டிவிட்டாள். சண்முகப்ரியா அக்கம்பக்கத்தில்தான் குடியிருந்தாள். கணவன் ஆபீஸ் போனதும் மதியத்தில் நடந்து வருவாள். ஆரஞ்சு ஜூஸ் ஒன்றை வைத்துக்கொண்டு மேஜையில் விரித்த காகிதம் முழுக்கப் படம் போடுவாள். மாடிப்படிச் சுவரில் இருக்கும் மயில்கள் எல்லாம் அவள் வரைந்தவை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தபோது வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டதும் டோலோரெஸ்தான். போலீஸ் என்றாலே பெண் நடுங்குகிறாள்; போலீஸிடம் போனால் விசாவைக் கிழித்து அன்றே பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று புருஷன் சொல்லி வைத்திருக்கிறானாம்.

“படம் போடற கையையா பாத்து ஒடச்சான்,” என்று சாந்தாமணி முணுமுணுத்தாள். “சரி. நான் கிச்சன் போன்ல நைன் ஒன் ஒன் கூப்பிடறேன். அப்புறம் பின்பக்கமாப் போறேன், ஒரு வேலை இருக்குது. இந்தம்மா மேல போய் அவகூட இருக்கட்டும். முன்னாடி நீ நிக்கற.”

“நானுங்களா? அக்கா, என்னப் பாத்தா ஒரு கோழி கூட ஒதுங்காதுங்க.”

“பேசு. உனக்குத் தெரிஞ்சது அதுதான. போலீஸ் வர்ற வரைக்கும் பேசிட்டே இரு.”

பதினான்காவது நிமிஷம் கதவு திறந்தது. அகிலன் ஆபீஸ் பேட்ஜைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். காலையில் அழுத கண் இப்போது நன்றாகத் தெளிந்திருந்தது. நேரே வந்து கிட்டுசாமியின் தோளில் கை போட்டார்.

“எங்க கிட்டு சார்?”

“அதான் சார், சின்ன மிஸ்டேக் ஆயிப்போச்சு. மேல இருந்தது வேற பொண்ணுங்க. மெக்ஸிகோக்காரி. நம்மூர் ஜாடை. நம்ம மூக்குதான் நம்மள ஏமாத்திப்போடுச்சு.”

“மேடம் எங்க?”

“மேடம் சான் ரமோன் போயிருக்காங்க. அங்க யாரோ ப்ரெண்டு வீட்ல இருக்கறதா தகவல். நீங்களும் ஒடனே கெளம்புனீங்கன்னா ட்ராபிக்குக்கு முன்னாடி…”

“மேடத்துக்கு ஃப்ரீவே ஓட்ட வராதுன்னு காலைல நீங்கதான சொன்னீங்க,” என்றார் அகிலன். தோளில் இருந்த கை எடுக்கப்படவில்லை. நகம் சட்டைத் துணி வழியாகக் கழுத்தோரம் உரசியது. “உக்காருங்க. எதுக்கு நடுங்கறீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். நீலமான இந்தியப் பாஸ்போர்ட்.

“இது அவளோடது. இதில்லாம அவ எங்கயும் போக முடியாது. அப்புறம், காலைல பேச்சுவாக்குல உங்க கம்பெனி பேரு சொன்னீங்களே, அதோட ஓனர் மகாதேவன் என்கூட காலேஜ்ல படிச்சவன். பெஞ்ச்ல இருக்கற ஆளு எங்கயோ டிடெக்டிவ் வேலை பாக்கறான்னு இமிக்ரேஷன் ஆபீஸ் ஐ.என்.எஸ்.க்குத் தெரிஞ்சா என்ன ஆகும் கிட்டு சார்?”

“ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுப்பாங்க,” என்றான் கிட்டுசாமி. “ஒரு வழி. சாப்பாடு அவங்க செலவு.”

சொன்னானே தவிர, சிரிப்பு வரவில்லை. மகள் தாமரைக்கு ஸ்கூலில் இப்போதுதான் ஒரு தோழி கிடைத்திருந்தாள். பெண்டாட்டி ட்ரைவிங் டெஸ்ட் பாஸாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு போன் அடித்தால் எல்லாம் போய்விடும். இந்த ஆள் அடிப்பான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மாடியில இருக்கா சார், போய்ப் பாத்துக்கங்க என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது.

அப்போது அகிலன் முகத்தை நிமிர்த்தி மூக்கை உறிஞ்சினார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

“கொள்ளு ரசம்,” என்றார் மெதுவாக. “மெக்ஸிகோக்காரி நல்லா வெக்கறா.”

பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடைக்குள் போனார். கிட்டுசாமி பின்னால் ஓடினான். எப்படி முந்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை; அவருக்கு முன்னால் மரப்படியில் ஏறித் திரும்பினான். கையை விரித்துக்கொண்டு மறித்து நிற்பதுதான் உத்தேசம். ஆனால் முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காமல் மூன்றாவது படியில் தொப்பென்று உட்கார வைத்துவிட்டன. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. படி அத்தனை குறுகல். உட்கார்ந்த மனிதனைத் தாண்டாமல் மேலே போக முடியாது. இரண்டு பக்கமும் படியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“எந்திரி.”

“முடியலைங்க சார். நெசமாலுமே முடியலைங்க.”

அகிலன் அவனைப் பார்க்காமல் மேலே பார்த்தார். குரலில் தேன் ஒழுகியது. “ப்ரியா, கண்ணு. கோவிச்சுக்காம வாம்மா. உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. போன்ல அழறாங்க. வந்து பேசிட்டுப் போ.”

மேலே பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவள் எவ்வளவு பயந்து போயிருப்பாள் என்பது கிட்டுசாமிக்குப் புரிந்தது. இவனை மேலே விட்டால் கதவு எத்தனை நிமிஷம் தாங்கும்?

அகிலன் ஷூ காலைத் தூக்கிப் படி விளிம்பில் இருந்த கிட்டுசாமியின் விரல்மேல் வைத்து அழுத்தினார். எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கையை அவன் எடுக்கவில்லை.

“மகாதேவனுக்குப் போன் பண்ணிக்கங்க,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் நகர மாட்டேனுங்க.”

முன்பக்கக் கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், ஒருவர் பெண். அவர்களுக்குப் பின்னால் சாந்தாமணி, கையில் ஏதோ சாவிக்கொத்து. பிறகுதான் தெரிந்தது: டோலோரெஸின் பிக்கப் வண்டியைக் கொண்டுபோய் அகிலனின் கேம்ரி காருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்திவிட்டு வந்திருந்தாள். ஃப்ரீவேதான் வராதே தவிர, சந்தில் வண்டியை அடைத்து நிறுத்த அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அகிலன் காலை எடுத்துவிட்டார். ஒரே நொடியில் ஆள் மாறிப் போனார். சுத்தமான ஆங்கிலத்தில், தணிந்த குரலில் பேசினார். “நல்ல வேளை வந்தீர்கள் ஆபீஸர். என் மனைவிக்கு மனநிலை சரியில்லை. இவர்கள் அவளை அடைத்து வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் சார்பில் நான் பேசுகிறேன். இதோ இந்த ஆள் சட்டவிரோதமாக வேலை செய்கிறவன். விசாரித்துப் பாருங்கள்.”

பெண் ஆபீஸர் குனிந்து கிட்டுசாமியைப் பார்த்தார். “உங்கள் பெயர்?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஏழு வாரமாகச் சந்துக்குள் சந்தாகக் கார் ஓட்டியிருந்தான். கிட்டுசாமி கருப்பசாமி என்று முழுப் பெயரையும் சொல்லி, எழுத்து எழுத்தாகக் கூட்டியும் சொன்னான். வீட்டு விலாசத்தையும் கேட்காமலே சொன்னான். “இந்த ஆள் என்ன செய்தார் என்று நான் பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்,” என்றான்.

அகிலனைச் சுவரோரம் நிறுத்திவைத்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் மாடிக் கதவு திறந்தது. டோலோரெஸ் முன்னால் வர, சண்முகப்ரியா ஒவ்வொரு படியாக இறங்கினாள். மெலிந்த பெண். வலது கை கட்டுக்குள். புருஷன் நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

“உங்கள் மொழி பேசுகிற இவர் உதவிக்கு இருக்கட்டுமா?” என்று ஆபீஸர் கிட்டுசாமியைக் காட்டினார். “நீங்கள் சொல்வதை இவர் ஆங்கிலத்தில் சொல்லுவார்.”

சண்முகப்ரியா கிட்டுசாமியின் முன்னால் வந்து நின்றாள். அவன் நசுங்கிய விரல்களை வேட்டி இல்லாத குறைக்குச் சட்டை நுனியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாம் கேட்டுட்டுத்தானுங்ணா இருந்தேன். அவர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கீழ யாரோ தமிழ்ல போன் பேசுனாங்க. நீங்கதானுங்களா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாந்தாமணிகூட வேறு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“நான்தானுங்க,” என்றான். “நல்லது பண்றதா நெனச்சேனுங்கம்மா.”

“அப்பார்ட்மெண்ட்ல கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்டக் கைவலிக்குதுன்னு சொன்னேன். அவங்களும் நல்லது பண்றதா நெனச்சு அவர்கிட்டப் போய்ச் சொல்லிட்டாங்க. கோயில்ல பாத்த ஒரு அக்காகிட்டச் சொன்னேன். அவங்களும் அப்படித்தான்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க அடி வாங்கிட்டு ஒக்காந்துருந்தீங்க, தெரியுமுங்ணா. ஆனா இப்பெல்லாம் யாராச்சும் தமிழ் பேசுனாலே எனக்குப் பயமா இருக்குது.”

கிட்டுசாமி அவள் முன்னாலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

சண்முகப்ரியா ஆபீஸர் பக்கம் திரும்பினாள். “நோ ஹெல்ப்,” என்றாள். “ஐ டெல். மை ஓன்.” சாந்தாமணி கூடப் போக ஓரடி எடுத்து வைத்தாள், அந்தப் பெண் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். டோலோரெஸின் கையை மட்டும் இடது கையால் பிடித்துக்கொண்டு, ஆபீஸரோடு பக்கத்து அறைக்குள் போனாள். கதவு மூடியது. உள்ளே உடைந்த ஆங்கிலத்தில் அவள் பேச ஆரம்பித்தது வெளியே கேட்டது. ஒரு வார்த்தை, ஒரு நிறுத்தம், அடுத்த வார்த்தை. நிறுத்தவில்லை அவள்.

இன்னொரு போலீஸ்காரர் ஒரு படிவத்தையும் பேனாவையும் கிட்டுசாமியிடம் கொடுத்தார். நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த ஆள் இங்கே எப்படி வந்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். சாந்தாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இது ஐ.என்.எஸ். கைக்குப் போனாலும் போகும்டா கிட்டு. வக்கீல வெச்சு எழுதலாம். நாளைக்குக் குடுக்கறோம்னு சொல்றேன்.”

“வேண்டாமுங்க்கா.”

வலது கை விரல்கள் வீங்கியிருந்ததால் பேனாவைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. பெரிய பெரிய எழுத்தாக, கோணலாக, முதல் வரியை எழுதினான். இவரைப் போன் பண்ணி வரவழைத்தது நான்தான்.